இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு சட்டங்கள்

1929 மார்ச் 2. அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜின் பதவிக்காலம் முடிய இரண்டே நாள்கள் இருந்தன. அன்று ஒரு சட்டம் வந்தது. 1921 ஜூன் 3-க்கு முன்பே நாட்டுக்குள் வந்து, தொடர்ந்து அங்கேயே வாழ்ந்து, நன்னடத்தையுடன் இருப்பவர், முறைப்படி நுழைந்ததற்கான பதிவு எதுவும் இல்லாவிட்டாலும் 20 டாலர் கட்டணம் செலுத்தித் தன்னை நிரந்தரக் குடியிருப்பாளராகப் பதிந்துகொள்ளலாம் என்றது அது. எப்படி வந்தீர்கள் என்பதைவிட எவ்வளவு காலமாக இங்கே வாழ்கிறீர்கள் என்பதையே அந்தச் சட்டம் முதலில் கேட்டது.

மார்ச் 4. கூலிட்ஜ் பதவியைவிட்டு விலகிய நாள். அன்று இன்னொரு சட்டமும் வந்தது. சோதனைச்சாவடி வழியாக அல்லாமல் எல்லையைக் கடப்பது அன்றுமுதல் குற்றம். நாடுகடத்தப்பட்டவர் திரும்பி வந்தால் அது இன்னும் கடுமையான குற்றம். அதை முன்னெடுத்தவர் தென் கரோலினாவின் செனட்டர் கோல்மன் பிளீஸ். வெள்ளை இன மேலாதிக்கத்தை மேடையிலேயே முழங்கியவர். மெக்சிகோவிலிருந்து வருவோருக்கும் எண்ணிக்கை உச்சவரம்பு வேண்டும் என்று அவரைப் போன்றவர்கள் கேட்டார்கள். தென்மேற்கு மாநிலங்களின் பெரும் பண்ணையார்களோ பருத்தி எடுக்கவும் கிழங்கு தோண்டவும் கூலியாட்கள் வேண்டுமென்று அதைத் தடுத்துவந்தார்கள். இரு தரப்பும் ஒத்துப்போகக்கூடிய நடுவழியாக அமைந்தது இந்தச் சட்டம். வருவோருக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் வந்த முறை தவறானால் சிறை.

மார்ச் 2-இன் கருணை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவர் பதிய முடியாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கலிஃபோர்னியாவில் நிலம் திருத்திப் பயிர்செய்த பஞ்சாபி விவசாயிக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. அதில் பதிந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்களும் கனடியர்களும்தான்.

கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து, பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2023-இல் 1.4 கோடி ஆவணமற்றோர் வாழும் அமெரிக்காவில், விவாதம் இன்னும் இந்த இரு சட்டங்களுக்கு நடுவேதான் நிற்கிறது. 'சட்டவிரோதக் குடியேறி' என்று ஒரு தரப்பு சொல்கிறது. 'எந்த மனிதரும் சட்டவிரோதமல்லர்' என்கிறது மறுதரப்பு. இரண்டுமே அவரவர் ஆதரவாளர்களைத் திருப்திப்படுத்தும் சொற்கள். ஒவ்வொரு வாதமும் உண்மையில் எதை நிறுவுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்பதற்கு முழக்கங்களை ஓரமாக வைத்தாக வேண்டும்.

மிக எளிய வாதம்: 'அவர்கள் சட்டத்தை மீறினார்கள்.' இது உண்மை. ஆனால் எந்தச் சட்டத்தை, எந்த அளவுக்கு? சோதனைச்சாவடியைத் தவிர்த்து நுழைவது குற்றம். முதல்முறை என்றால் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. உள்ளே வந்தபின் ஆவணமின்றித் தங்கியிருப்பது மட்டும், பொதுவாகக் குற்றமல்ல; அது சிவில் மீறல். இதை 2012-இல் அரிசோனா மாநிலச் சட்டம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொன்னது. ஆவணமற்றோரில் பெரும் பங்கினர் எல்லையை இரவில் கடந்தவர்களும் அல்லர். விமானத்தில், முறையான விசாவில் வந்து, கெடு முடிந்தும் திரும்பாதவர்கள். அவர்கள் நுழைவில் குற்றமே இல்லை. ஆக, ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை ஒரே சொல்லால் 'குற்றவாளிகள்' என்று குறிப்பது சட்டத்தின் மொழியிலேயே பிழை.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1893-இல் ஃபோங் யூ டிங் என்ற சீனரின் வழக்கில், நாடுகடத்தல் தண்டனையே அல்ல, வெறும் நிர்வாக நடவடிக்கை என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பின் நிழல் இன்றும் நீள்கிறது. கடையில் திருடிப் பிடிபட்ட ஏழைக்கு, சிறை கிடைக்கக்கூடிய வழக்கென்றால், அரசு தன் செலவில் வழக்கறிஞர் தர வேண்டும். நாடுகடத்தலை எதிர்கொள்பவருக்கு அந்த உரிமை இல்லை. சிறு குழந்தையானாலும் இல்லை. இருபது ஆண்டு வாழ்ந்த வீட்டையும் பிள்ளைகளையும் இழக்கச் செய்யும் ஆணையைத் தண்டனை அல்ல என்று வகைப்படுத்திக்கொண்டு, அதே ஆளைக் குற்றவாளி என்றும் அழைப்பது முரண். குற்றம் என்றால் குற்றவியல் சட்டத்தின் காப்புகள் வேண்டும். சிவில் மீறல் என்றால் அதற்கேற்ற அளவில் விளைவு இருக்க வேண்டும். சட்டத்தின் ஆட்சியில் உண்மையான அக்கறை உள்ளவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

அடுத்தது வரிசை வாதம். 'என் பாட்டனார் முறைப்படி வந்தார். இவர்களும் வரிசையில் நின்று வரட்டும்.' சாதாரண மக்களின் நியாய உணர்விலிருந்து எழும் வாதம் என்பதால் இதை அலட்சியம் செய்யக்கூடாது. ரேஷன் கடை வரிசையில் நடுவே புகுபவர்மேல் நமக்கு வரும் கோபம்தான் இது. ஆனால் பாட்டனார் காலத்தில் வரிசை எப்படி இருந்தது? 1921 வரை ஐரோப்பாவிலிருந்து வருவோருக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. 1907 ஒரே ஆண்டில் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்திறங்கினார்கள். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் மருத்துவப் பரிசோதனையும் சில கேள்விகளும் முடிந்து, பெரும்பாலோர் சில மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். அன்றைய முறைப்படி வருவதற்குக் கப்பல் கட்டணமும் உடல்நலமும் போதும். அதுவும் ஐரோப்பியர்களுக்கு மட்டும். சீனத் தொழிலாளர்களுக்கு 1882-லிருந்தே கதவு சாத்தப்பட்டிருந்தது.

இன்றைய வரிசைக்கு வருவோம். மெக்சிகோவின் ஒரு கட்டடத் தொழிலாளிக்கு அமெரிக்கக் குடிமகனான அண்ணன் இருந்தால் அவர் வழியாக விண்ணப்பிக்கலாம். காத்திருப்பு இருபது ஆண்டுகளைத் தாண்டும். அப்படி உறவினர் இல்லையென்றால், பெரிய படிப்பில்லாத தொழிலாளர்களுக்கு உலகம் முழுமைக்கும் சேர்த்துச் சட்டம் ஒதுக்கும் நிரந்தரக் குடியிருப்பு இடங்கள் ஆண்டுக்கு 10,000-க்குள்தான். தற்காலிகப் பண்ணை வேலைக்கு விசா உண்டு. ஆனால் அது நிரந்தரக் குடியிருப்புக்கான கிரீன் கார்டுக்கு இட்டுச்செல்லும் பாதை அல்ல. அவரைப் பொறுத்தவரை நிற்பதற்கு ஒரு வரிசையே இல்லை.

வரிசையின் வேதனையை நன்கறிந்த இன்னொரு கூட்டம் உண்டு. வேலைவாய்ப்பு வழிக் கிரீன் கார்டுகள் ஆண்டுக்கு 1,40,000. எந்த ஒரு நாட்டுக்கும் அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது பொது விதி. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் போன மென்பொருள் பொறியாளர்கள் அதனால் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருக்கிறார்கள்; அவர்களோடு சிறுவயதில் போன பிள்ளைகள் 21 வயதில் சார்ந்திருப்போர் என்ற தகுதியை இழந்து தனியாக விசா தேடுகிறார்கள். எல்லை தாண்டி வந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் இவர்களுக்குள் ஒரு குமுறல் எழுவது இயல்பு. ஆனால் ஓக்லஹோமாவில் கூரை வேயும் ஹோண்டுராஸ்காரர் இவர்களின் இடத்தைப் பறிக்கவில்லை. அவர் இந்த வரிசையில் நிற்கவே தகுதியில்லாதவர். இருவரையும் நெருக்குவது 1965-லும் 1990-லும் எழுதி, பின்பு பெரிதாகத் திருத்தப்படாத எண்கள்.

'சரி, ஊருக்குத் திரும்பிப்போய் முறையாக விண்ணப்பித்து வரட்டும்' என்பதற்கும் 1996-இல் பூட்டுப் போடப்பட்டது. அந்த ஆண்டு கிளின்டன் கையெழுத்திட்ட சட்டப்படி, ஓராண்டு அல்லது அதற்கு மேல் ஆவணமின்றித் தங்கியவர் நாட்டைவிட்டுக் கிளம்பினால் பத்தாண்டுகளுக்குத் திரும்ப வர முடியாது. அமெரிக்கக் குடிமகளை மணந்தவர்கூட, எல்லை தாண்டி வந்தவராக இருந்தால், விசா நேர்காணலுக்காகத் தாய்நாடு போனதும் அந்தத் தடையில் விழுகிறார். விலக்கு கேட்டு அனுமதி பெற்றாலொழிய மீட்சி இல்லை. முறைப்படி நடக்கச் சொல்வதும் சட்டம்தான், நடந்தால் தடுப்பதும் சட்டம்தான்.

பொருளாதார வாதங்களில்தான் அதிகப் புகை. 'அவர்கள் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் குறைக்கிறார்கள்' என்பதை வெறும் வெறுப்புப் பேச்சென்று தள்ளிவிட முடியாது. ஆள் கூடினால் கூலி குறையும் என்பது எந்தச் சந்தையிலும் தோன்றும் முதல் ஊகம். அதைச் சோதிக்க வரலாறு ஒரு வாய்ப்பைத் தந்தது. 1980 ஏப்ரலில் ஃபிடல் காஸ்ட்ரோ மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட, சில மாதங்களில் ஏறத்தாழ 1,25,000 கியூபர்கள் படகேறி ஃபுளோரிடா வந்தார்கள். மயாமி நகரின் உழைக்கும் மக்கள்தொகை திடீரென 7 விழுக்காடு கூடியது. பொருளியலாளர் டேவிட் கார்ட் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், இதே போன்ற மற்ற நகரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மயாமியில் கூலி சரிந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை என்றார். ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவுகளுக்குத் திரும்பிப் போனார். அவரும் சிறுவயதில் கியூபாவிலிருந்து வந்தவர். உயர்நிலைப் பள்ளி முடிக்காத, ஸ்பானிய வம்சாவளி அல்லாத ஆண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் கூலி 10 முதல் 30 விழுக்காடு வரை வீழ்ந்திருக்கிறது என்றார். அதற்கு மைக்கேல் கிளமென்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும் மறுப்பு எழுதினார்கள்: அந்தச் சிறு மாதிரிக்குள் அதே ஆண்டுகளில் கறுப்பினத்தவர்களின் பங்கு கூடியது; கணக்கெடுப்பு முறை மாறியதே அதற்குக் காரணம்; குறைந்தது போலத் தெரிவது அந்த மாற்றத்தின் விளைவாக இருக்கலாம்.

இந்தச் சர்ச்சை முழுதும் ஓயவில்லை. ஆனால் எதிர்த்திசையில் நடந்த ஒரு சோதனை அதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 1942 முதல் 1964 வரை பிரசெரோ என்ற ஒப்பந்தத் திட்டத்தில் மெக்சிகோ ஆண்கள் பருவகாலப் பண்ணை வேலைக்கு வந்து போனார்கள். அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளரின் கூலியை உயர்த்துவதற்காகவே 1964 இறுதியில் அது மூடப்பட்டது. ஏறத்தாழ 5 லட்சம் பேர் களத்திலிருந்து விலக்கப்பட்டனர். கூலி ஏறியதா? கிளமென்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, பிரசெரோக்கள் நிறைந்திருந்த மாநிலங்களிலும் அவர்கள் அறவே இல்லாத மாநிலங்களிலும் கூலி ஒரே வேகத்தில்தான் ஏறியது என்று காட்டியது. பண்ணையார்கள் கூலியை ஏற்றி உள்ளூர் ஆட்களை அழைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் தக்காளி வயல்களில், டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உருவான அறுவடை இயந்திரம் இறங்கியது. இயந்திரத்தின் பிடியைத் தாங்கும் கெட்டித் தோல் தக்காளி ரகமும் அதோடு வந்தது. இயந்திரம் கிடைக்காத பயிர்களில் சில இடங்களில் சாகுபடியே சுருங்கியது. ஆளை வெளியேற்றினால் கூலி ஏறும் என்ற எளிய கணக்கு, முதலாளிக்கு வேறு வழிகள் இருப்பதை மறந்துவிடுகிறது.

அதற்காகக் கூலி வாதத்தில் உண்மையே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கூலியைக் கீழே இழுப்பது தொழிலாளி வந்த நாடா, அவர் தலைமேல் தொங்கும் நாடுகடத்தல் அச்சமா என்பதுதான் கேள்வி. 2002-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. தொழிற்சங்கம் அமைக்க உதவியதற்காக ஓர் ஆவணமற்ற தொழிலாளி வேலையைவிட்டு நீக்கப்பட்டார். அந்த நீக்கம் சட்டவிரோதம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆவணமற்றவர் என்பதால் அவருக்கு இழப்பூதியம் தர வேண்டியதில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதன் பொருளை ஒவ்வொரு மேஸ்திரியும் புரிந்துகொள்வான்: இந்தத் தொழிலாளியை ஏய்த்தால் செலவு குறைவு. பக்கத்தில் நிற்கும் அமெரிக்கத் தொழிலாளியின் பேரம் பேசும் வலுவும் அதோடு போகிறது. ஆவணமற்றோரின் கூலியால் தனக்குப் பாதிப்பு என்று கருதும் உள்ளூர்த் தொழிலாளி அவர்களின் உரிமைக்காகக் குரல் கொடுப்பதில் அவருடைய சொந்த நலனும் அடங்கியிருக்கிறது.

இதே காரணத்தால், குடியேற்ற ஆதரவாளர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதமும் ஏற்கத்தக்கதல்ல. 'அவர்கள் போய்விட்டால் நம் பழங்களை யார் பறிப்பார்கள்?' பயிர்த்தொழிலாளரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் ஆவணமற்றவர்கள் என்பது அரசுக் கணக்கெடுப்பே சொல்லும் உண்மை. ஆனால் மலிவான ஸ்ட்ராபெர்ரிக்காக அவர்களை வைத்திருக்க வேண்டும் என்பது, உரிமையற்ற ஒரு வர்க்கம் நமக்கு வசதி என்று சொல்வதற்குச் சமம். 1929-இல் பண்ணையார்கள் சொன்னதும் அதைத்தான். கருணையின் குரலில் சொன்னாலும் அந்த வாதத்தின் அடிக்கட்டு மாறுவதில்லை.

வரிச்சுமை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேசிய அறிவியல் கழகங்களின் 2016 அறிக்கை, ஆவணம் உள்ளவர் இல்லாதவர் என்று பிரிக்காமல் குடியேறிகள் அனைவரையும் கணக்கில் எடுத்தது. முதல் தலைமுறையால் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்குச் செலவு உண்டு, முக்கியமாகப் பிள்ளைகளின் பள்ளிக்கல்விக்காக. அந்தப் பிள்ளைகளே வளர்ந்து வரி செலுத்துவோரில் முன்னணியில் நிற்கிறார்கள். செலவு உள்ளூர் நகராட்சிக்கு இன்றே வருகிறது. வரவு பெரும்பாலும் மத்திய அரசுக்கு, பல ஆண்டு கழித்து. 2022 முதல் 2 லட்சத்துக்கும் அதிகமான புகலிடக் கோரிக்கையாளர்களை ஏற்ற நியூயார்க் நகரம் விடுதிகளில் இடமின்றித் தவித்தது கற்பனை அல்ல. தேசம் மொத்தமாக ஆதாயம் அடைகிறது என்ற புள்ளிவிவரம் அந்த நகராட்சிக்குப் பதிலாகாது. மத்திய அரசு செலவைப் பகிர்ந்துகொள்வதுதான் பதில்.

குற்ற விகிதம் பற்றிய கேள்விக்கு ஆதாரம் வலுவாக உண்டு; ஆனால் அது, ஆவணமற்றோர் அதிகக் குற்றம் செய்கிறார்கள் என்ற பரப்புரைக்கு எதிராக நிற்கிறது. கைதாகும் ஒவ்வொருவரின் குடியேற்ற நிலையையும் டெக்சாஸ் மாநிலம் மத்திய அரசின் பதிவேடுகளோடு ஒப்பிடுகிறது. 2012 முதல் 2018 வரையிலான அந்தத் தரவுகளை ஆராய்ந்து மைக்கேல் லைட்டும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் எழுதினார்கள்: வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாகும் விகிதம், ஆவணமற்றோரைவிட அமெரிக்காவில் பிறந்தவர்களிடம் இரண்டு மடங்குக்கும் மேல். கொலையுண்ட ஒருவரின் குடும்பத்துக்கு விகிதங்கள் ஆறுதல் தராது, தரவும் வேண்டாம். ஒரு கோடிப் பேருக்கான சட்டத்தை ஒரு கொலையாளியின் முகத்தைக் காட்டி எழுதுவதுதான் தவறு.

கட்டுப்பாட்டை விரும்புவோரின் மிக வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. 'ஒருமுறை மன்னித்தால் அடுத்தவருக்கு அழைப்பு விடுத்தது போலாகும்.' 1986-இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்கு ஆவணம் தந்தது. அதோடு விவகாரம் முடியும் என்றார்கள். 2007-இல் ஆவணமற்றோர் 1.2 கோடியைத் தாண்டினார்கள். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. வாக்களித்த கண்டிப்பு வரவில்லை, மன்னிப்பு மட்டும் வந்தது என்ற மனக்கசப்பு இன்றுவரை ஒவ்வொரு சமரசத்தையும் உடைக்கிறது. ஆனால் காரணம் மன்னிப்பு மட்டும்தானா? முதலாளிகளுக்கான தண்டனையில், காட்டிய ஆவணம் பார்வைக்கு உண்மையாகத் தெரிந்தால் போதும் என்ற ஓட்டை இருந்தது. வருங்காலத் தொழிலாளருக்குப் போதிய விசா வழி திறக்கப்படவில்லை. சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியின் பல்லாண்டுக் களத் தரவுகள் இன்னொன்றையும் காட்டின: அறுவடைக்கு வந்து, பருவம் முடிந்து ஊர் திரும்பிய ஆண்கள், எல்லைக்காவல் கடுமையானதும் திரும்பிப் போவதை நிறுத்தினார்கள். மறுபடி கடப்பதற்கு ஆள்கடத்துவோருக்குக் கொடுக்கும் தொகையும் பாலைவனத்தில் சாகும் அபாயமும் ஏறிவிட்டன. ஆகவே தங்கினார்கள், மனைவி மக்களையும் வரவழைத்தார்கள்.

எல்லையில் ஓர் அரசுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதற்குத் தமிழர் ஒருவரின் வழக்கே இன்று மேற்கோள். 2017-இல் கலிஃபோர்னியாவின் சான் இசிட்ரோ அருகே எல்லையைக் கடந்த இலங்கைத் தமிழ் விவசாயி ஒருவர் இருபத்தைந்து கெஜத் தொலைவில் பிடிபட்டார். ஊரில் தான் வேனில் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்டதாகச் சொல்லிப் புகலிடம் கேட்டார். அச்சம் நிரூபிக்கப்படவில்லை என்றார் அதிகாரி. நீதிமன்றம் அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற அவருடைய கோரிக்கையை 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நிராகரித்தது. எல்லைக்கு இவ்வளவு அருகில் பிடிபட்டவர், வாசலைத் தாண்டாதவர் போலவே கருதப்படுவார் என்றது பெரும்பான்மை. இலங்கையில் ஆட்களைக் கடத்திச் சென்ற வெள்ளை வேன் என்றால் என்ன என்பதை அறிந்த எவரும் அந்த விசாரணைக் குறிப்பை அமைதியாகப் படிக்க முடியாது.

அந்தத் தீர்ப்பு மறைமுகமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறது. இருபத்தைந்து கெஜம் வந்தவருக்கும் இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்தவருக்கும் வேறுபாடு உண்டு. உள்ளே யார் வரலாம் என்று முடிவுசெய்யும் உரிமை ஓர் அரசியல் சமூகத்துக்கு உண்டு என்று வாதிட்ட மைக்கேல் வால்சர் 1983-இல் அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: உள்ளே வாழ்ந்து உழைப்பவர்களை, பண்டைய ஏதென்ஸ் தன் அயலார்களை வைத்திருந்தது போல, என்றென்றும் உரிமையற்றவர்களாக வைத்திருக்கும் ஆட்சி மக்களாட்சி ஆகாது. ஜோசப் காரன்ஸ் அதைக் காலத்தின் வாதமாக வளர்த்தார். ஆண்டுகள் கூடக்கூட வாழ்க்கை வேரோடுகிறது; முதலில் செய்த மீறலின் கனம் குறைகிறது. சட்டத்துக்கு இது புதிதல்ல. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பெரும்பாலான குற்றங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வழக்குத் தொடர முடியாது. மோசடி செய்தவனுக்குக் கிடைக்கும் காலவரம்பு, விசாக் கெடு தாண்டிய சமையற்காரருக்கு இல்லை. உள்ளே இருப்பவர்களின் கேள்வி இன்று இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 2025 நிதியாண்டில் தென்மேற்கு எல்லையில் பிடிபட்டோர் ஏறக்குறைய 2.4 லட்சம்தான், 1970-க்குப் பிறகு மிகக் குறைவு. அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டமோ எல்லைக்கும் குடியேற்றக் கண்காணிப்புக்குமாக சுமார் 17,000 கோடி டாலரை ஒதுக்கியது. அந்தப் பணத்தில் பெரும் பகுதி இனித் தேடப்போவது, ஏற்கெனவே உள்ளே வாழ்பவர்களை.

1929 மார்ச் 2-இன் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கெடு நாளை நாடாளுமன்றம் அவ்வப்போது முன்நகர்த்தியது: 1921 பிறகு 1924 ஆனது, 1940-க்கு வந்தது, 1948-க்கு வந்தது. இனத் தடையும் காலப்போக்கில் நீங்கியது. கடைசியாக 1986-இல் அது 1972 ஜனவரி 1-க்கு நகர்ந்தது. அப்போது, பதினான்கு ஆண்டு வாழ்ந்திருந்தால் போதும் என்று அதற்குப் பொருள். அதன்பின் யாரும் அந்தத் தேதியைத் தொடவில்லை. ஏழு ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தவர் விண்ணப்பிக்கலாம் என்று மாற்ற 2022-இல் ஒரு மசோதா வந்தது. வாக்கெடுப்புக்கே போகாமல் நின்றது. இன்று அந்தப் பிரிவின் கீழ் ஒருவர் கிரீன் கார்டு கேட்க வேண்டுமானால், கைக்குழந்தையாகத் தூக்கிவரப்பட்டிருந்தாலும், அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்க வேண்டும்.